விண்மீன் அளவுக்கு ஒரு விளக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நேச்சுரல் பிரிட்ஜஸ் என்ற இடத்தில் ஒவச்சோமோ என்றொரு கல்பாலம் இருக்கிறது. ஓடை நீர் மணற்பாறையை அரித்துத் துளைத்து உண்டாக்கிய பாலம். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு 55 மீட்டர், உயரம் 32 மீட்டர். மேலே கிடக்கும் கல்லோ மிக மெலிந்தது, மூன்று மீட்டர் கனம்கூட இல்லை. சுற்றிலும் பெரிய ஊர்கள் கிடையாது. 2007இல் உலகின் முதல் பன்னாட்டு இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் இதுதான். நிலவில்லாத கோடை இரவில் அந்த வளைவுக்குக் கீழே நின்று அண்ணாந்தால், பாலத்தின் திறப்பில் பால்வீதி தெரியும். இரவு வானத்தைப் படம் எடுப்பவர்களில் இந்தக் காட்சியை அறியாதவர் குறைவு.

அங்கே எடுக்கப்பட்ட பழைய படங்கள் பலவற்றில் வானம் மட்டும் ஒளிர்வதில்லை. பாறையும் ஒளிர்கிறது. செம்மண் நிறம், அடுக்கடுக்கான வரிகள், ஓர் ஓரத்தில் மெல்ல இறங்கும் நிழல், எல்லாம் தெரிகின்றன. நிலவு இல்லை, பக்கத்தில் தெருவிளக்கும் இல்லை. அப்படியானால் அந்த ஒளி எங்கிருந்து வந்தது? கணினியில் ஒட்டியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல படங்களில் விடை அதைவிட எளியது. சட்டகத்துக்கு வெளியே, பாறைக்குப் பக்கவாட்டில், யாரோ ஒரு விளக்கை வைத்திருக்கிறார்கள். அதை எங்கே வைத்தார்கள், எவ்வளவு மங்கலாக வைத்தார்கள், எந்த நிறத்தில் வைத்தார்கள் என்பதில்தான் இந்தக் கலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

முதலில் விளக்கு ஏன் வேண்டும் என்று பார்ப்போம். பால்வீதி மங்கலானது, அதைப் படத்தில் கொண்டுவர நிலவில்லாத வானம் வேண்டும். முழுநிலவு உச்சியில் நிற்கும்போது தரைக்கு ஏறக்குறைய கால் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளி தருகிறது. நிலவில்லாத தெளிந்த இரவில் தரைக்குக் கிடைப்பது ஒரு லக்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். இடையில் இருநூறு, முந்நூறு மடங்கு வேறுபாடு. அரைநிலவு இருந்தால் பாதி ஒளி இருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. அரைநிலவு தருவது முழுநிலவின் ஒளியில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். நிலவின் மேடு பள்ளங்கள் அந்தக் கோணத்தில் தம் மேலேயே நிழல் போட்டுக்கொள்வது இதற்கு ஒரு காரணம். பால்வீதியோடு ஒத்துப்போகக்கூடிய நிலவு மூன்றாம் பிறை, நாலாம் பிறை அளவில்தான். அதுவும் சீக்கிரம் மறைந்துவிடும்.

ஆயிரத்தில் ஒரு பங்கு லக்ஸ் என்பது குறைவுதான், ஆனாலும் சுழி இல்லை. இன்றைய கேமராக்களுக்கு அதுவே போதும். ஷட்டரைச் சில நிமிடங்கள் திறந்து வைத்தால் பாறை தெரிந்துவிடும். சிக்கல் அளவில் மட்டும் இருந்திருந்தால் விளக்குக்கு வேலையே இருந்திருக்காது. சிக்கல் திசையில் இருக்கிறது. விண்மீன்களின் ஒளி ஓரிடத்திலிருந்து வருவதில்லை, வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. அதில் ஒரு பகுதி விண்மீன்களுடையதுகூட இல்லை. தரைக்கு நூறு கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி ஆக்சிஜன் அணுக்கள் தாமே உமிழும் மெல்லிய பச்சை ஒளியும் அதோடு கலந்திருக்கிறது. எல்லாத் திசையிலிருந்தும் சமமாக வரும் ஒளிக்கு நிழல் கிடையாது. நிழல் இல்லாத இடத்தில் வடிவமும் இல்லை. நீண்ட எக்ஸ்போஷரில் எடுத்த பாறை தெளிவாகத் தெரியும், ஆனால் தட்டையாக இருக்கும். மணற்பாறையின் அடுக்குகள், காற்று குடைந்த குழிகள், வளைவின் உட்புறக் கனம் எல்லாம் ஒரே சாம்பல் பூச்சுக்குள் அமிழ்ந்துவிடும்.

நிலவுக்குத் திசை உண்டு, ஆனால் அது பால்வீதியை அழித்துவிடுகிறது. பால்வீதி தெரியும் இரவில் நிலத்துக்கு உருவம் இல்லை. நிலத்தின் மேல் மட்டும் காயும் ஒரு சின்ன நிலவு கிடைத்தால் இரண்டும் கூடிவரும். விளக்கு வைப்பவர்கள் செய்ய முயல்வது அதைத்தான்.

அந்த நிலவுக்கு எவ்வளவு வெளிச்சம் இருக்கலாம் என்பதை வானம்தான் முடிவு செய்கிறது. பூமி சுழல்வதால் விண்மீன்கள் நொடிக்கு 15 வில்விநாடி நகர்கின்றன. 25 நொடி ஷட்டர் திறந்திருந்தால், வான நடுவரையை ஒட்டிய விண்மீன் ஒன்று நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரம் போயிருக்கும். அதற்கு மேல் போனால் புள்ளி கோடாகிவிடும். 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் நொடிகளைத் தாண்டாதே என்பது இந்தத் துறையின் பழைய கணக்கு. 20 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 25 நொடி. இன்றைய நுணுக்கமான சென்சார்களுக்கு அதுவும் அதிகம் என்று 300ஐ வகுப்பவர்கள் உண்டு. நேரம் இப்படிக் கட்டுண்டுவிட்டது. துளையையும் எஃப் 2.8க்குத் திறந்தாகிவிட்டது, ஐஎஸ்ஓவும் 3200க்கோ 6400க்கோ ஏறிவிட்டது. கேமராவில் இனி திருப்ப எதுவும் மிச்சமில்லை. இந்த அமைப்பில் வானம் சரியாக விழுகிறது என்றால், பாறையைச் சரிசெய்ய நம் கையில் இருப்பது விளக்கு ஒன்றுதான்.

இந்த அமைப்பில் கேமரா எவ்வளவு கூர்மையாக ஒளியைப் பிடிக்கும் என்பதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தூரத்தில் தருவது ஏறத்தாழ ஒரு லக்ஸ். தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்றாகும். கணக்குப் போட்டுப் பார்த்தால், முப்பது மீட்டருக்கு அப்பால் எரியும் ஒற்றை மெழுகுவர்த்தி பாறையின் மேல் விண்மீன் ஒளிக்குச் சமமான வெளிச்சத்தைப் போடும். அதைப் பதினைந்து மீட்டருக்குக் கொண்டுவந்தால் நான்கு மடங்காகி, படத்தில் விளக்கின் பக்கம் எது, நிழலின் பக்கம் எது என்று தெளிவாகத் தெரியும். தேவை அவ்வளவுதான். கையில் இருக்கும் சாதாரண டார்ச்சோ அந்த மெழுகுவர்த்தியைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு ஒளியை ஒரே திசையில் பாய்ச்சுவது.

அந்த டார்ச்சை வைத்துக்கொண்டுதான் இந்தக் கலை வளர்ந்தது. இருட்டில் ஷட்டரைத் திறந்து வைத்து ஒளியால் வரைவதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1949இல் பிக்காசோ கையில் ஒரு சிறு விளக்கோடு காற்றில் எருதையும் மனிதனையும் வரைய, ஜோன் மிலி அவற்றைப் படமாக்கினார். அங்கே ஒளியே படத்தின் பொருள். 1955 முதல் 1960 வரை நீராவி ரயில்களின் கடைசிக் காலத்தைப் பதிவுசெய்த ஓ. வின்ஸ்டன் லிங்க் வேறு வழியில் போனார். இரவில் தண்டவாளத்தின் ஓரமாக ஃப்ளாஷ் பல்புகளைக் கம்பியில் கோத்து வைத்து, ரயில் வரும் நொடியில் எல்லாவற்றையும் ஒன்றாக எரிய வைத்தார். சூரியன் எங்கே இருக்கிறது என்பதற்குக் காத்திராமல், ஒளி எங்கிருந்து வர வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்தார். இன்று பாலைவனத்தில் விளக்கைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களுக்கு அவரை நான் முன்னோடியாகவே சொல்வேன்.

நிலக்காட்சிக்கு வந்தபோது முறை இப்படி இருந்தது: ஷட்டர் திறந்திருக்கும் 25 நொடிக்குள் டார்ச்சை இரண்டு மூன்று நொடி பாறை மேல் தடவுவது. லைட் பெயின்டிங் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். விரைவானது, மகிழ்ச்சியானது, கற்றுக்கொள்ள நல்லது. ஆனால் கை ஒருமுறை தடவியதுபோல் மறுமுறை தடவாது. ஒரு படத்தில் பாறையின் இடது பக்கம் வெளுத்திருக்கும், அடுத்ததில் வலது பக்கம். படத்தில் விழும் புள்ளி இரைச்சலைக் குறைக்கப் பத்துப் படங்களை அடுக்கவும், ஏழெட்டுப் படங்களை ஒட்டி அகலக்காட்சி செய்யவும் தொடங்கிய பிறகு இந்த மாறுபாடு பெரிய தலைவலியானது. ஒட்டிய இடமெல்லாம் ஒளி மாறித் தெரிந்தது.

அதற்கு விடையாக வந்ததுதான் ‘லோ லெவல் லைட்டிங்’. அமெரிக்காவில் ராய்ஸ் பேர், வெய்ன் பிங்க்ஹாம் போன்ற படக்கலைஞர்கள் எழுதியும் கற்பித்தும் இதைப் பரப்பினார்கள். கருத்து மிக எளியது. விளக்கைக் கையில் பிடித்து ஆட்டாதே, ட்ரைபாடில் நிறுத்து. மூன்று நொடி பிரகாசமாக அடிக்காதே. இரவு முழுக்க மங்கலாக எரியவிடு. எல்லாப் படங்களிலும் ஒளி ஒன்றுபோல் இருப்பதால் அடுக்கலாம், ஒட்டலாம். அதே இடத்தில் பத்துப் பேர் கேமராவோடு நின்றாலும் எல்லோருக்கும் ஒரே விளக்கு போதும். ஒருவர் அடிக்கும் டார்ச் இன்னொருவரின் படத்தைக் கெடுப்பதில்லை.

சொல்வது எளிது. விளக்கை அவ்வளவு மங்கலாக்குவதுதான் கடினம். கடைகளில் கிடைக்கும் எல்இடி பேனல்களைக் கடைசி அளவுக்குக் குறைத்தாலும் மிச்சமிருக்கும் ஒளி அதிகமாகவே இருக்கும். அதன்மேல் தாள் ஒட்டுவார்கள், துணி சுற்றுவார்கள், விளக்கைத் திருப்பி எதிர்ப்பாறையில் அடித்து அங்கிருந்து திரும்பும் ஒளியைப் பயன்படுத்துவார்கள். சரியான அளவுக்கு ஒரு குறிப்பு உண்டு. விளக்கை ஏற்றிய உடனே பாறை கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் ஒளி அதிகம். இருளுக்குப் பழகிய கண்ணுக்கு ‘ஏதோ இருக்கிறது’ என்று பட்டால் ஏறக்குறைய சரி. கேமராவின் திரையை மட்டும் நம்பக் கூடாது. இருட்டில் அரைமணி நேரம் நின்ற கண்ணுக்கு அந்தத் திரையில் எல்லாமே பிரகாசமாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் கறுப்பாக இருக்கும். திரையின் ஒளியைக் குறைத்துவிட்டு ஒளியின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்ப்பதே வழி.

அளவு கைக்கு வந்ததும் இடம். இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கேமராவின் பக்கத்திலேயே நின்று டார்ச் அடிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைவிட மோசமான இடம் இல்லை. கேமராவின் திசையிலிருந்தே ஒளி போனால் ஒவ்வொரு மேட்டின் நிழலும் அந்த மேட்டுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். விண்மீன் ஒளியில் இருந்த அதே தட்டைத்தன்மை இன்னும் பிரகாசமாகத் திரும்பி வரும். கோயில் மண்டபத்தில் தூண் சிற்பத்தை நேர் எதிரே டியூப்லைட் போட்டுப் பார்ப்பதற்கும், பக்கவாட்டில் எரியும் விளக்கில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். பாறைக்கும் அதே விதிதான். கேமராவின் பார்வைக்கோட்டிலிருந்து 60 பாகையை ஒட்டி விளக்கு விலகி நின்றால் ஒவ்வொரு அடுக்கும் தன் கீழுள்ள அடுக்கின் மேல் ஒரு மெல்லிய நிழலைப் போடும். கல்லுக்கு வயது தெரியத் தொடங்கும். எதிர்ப்பக்கத்தில், இதைவிட இன்னும் மங்கலாக, இரண்டாவது விளக்கு ஒன்றை வைப்பவர்கள் உண்டு. நிழல் ஒரேயடியாகக் கறுத்துவிடாமல் காக்க அது. பல நேரங்களில் விண்மீன் ஒளியே அந்த இரண்டாவது விளக்கின் வேலையைச் செய்துவிடுகிறது என்பதால், முதலில் ஒன்றோடு நிறுத்திப் பார்ப்பது நல்லது.

தூரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. விளக்கு முன்பாறைக்குப் பத்து மீட்டரில், பின்பாறைக்கு இருபது மீட்டரில் இருந்தால், முன்பாறை நான்கு மடங்கு ஒளியை வாங்கும். படத்தில் அது வெளுத்து, பின்னது இருண்டுகிடக்கும். பார்த்தவுடனே ‘டார்ச்’ என்று சொல்லிவிடலாம். அதே விளக்கை முன்பாறையிலிருந்து அறுபது மீட்டருக்கு நகர்த்தினால் பின்பாறை எழுபதில் இருக்கும்; வேறுபாடு ஒன்றரை மடங்குகூட இல்லை. நிலவொளி இயல்பாகத் தோன்றுவதன் காரணமும் இதுவே. அவ்வளவு தொலைவிலிருந்து வருவதால் பக்கத்துப் பாறைக்கும் அடுத்த குன்றுக்கும் ஒரே அளவு கிடைக்கிறது. ஆகையால் விளக்கை எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவுக்குப் படம் உண்மையாகும். இருட்டில், கரடுமுரடான நிலத்தில், ட்ரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு அறுபது மீட்டர் நடப்பது சோம்பலுக்கு ஏற்ற வேலை அல்ல. நல்ல படத்துக்கும் சுமாரான படத்துக்கும் இடையே பெரும்பாலும் இருப்பது அந்த நடைதான்.

தரையில் நடந்து வைக்க முடியாத உயரத்துக்குப் படக்கலைஞர் ரூபன் வூ வேறு வழி கண்டார். ‘லக்ஸ் நாக்டிஸ்’ என்ற வரிசைப் படங்களில் ட்ரோனில் விளக்கைக் கட்டிப் பாறைகளுக்கு மேலே பறக்கவிட்டார். பாறை உச்சிமேல் ஒளிவளையம் நிற்கும் படங்களும் அவர் எடுத்தவையே. அங்கே விளக்கு ஒளிந்துகொள்வதில்லை. மனிதன் இங்கே வந்து போனான் என்று அறிவிக்கிறது. அதை நான் மிக மதிக்கிறேன், ஆனால் அது வேறு வகைக் கலை. நான் இங்கே பேசுவது, பார்ப்பவருக்கு விளக்கு இருந்ததே தோன்றக் கூடாத படங்களைப் பற்றி.

நிறத்துக்கு வருவோம். யூட்டாவின் மணற்பாறைகள் இரும்பு ஆக்சைடால் சிவந்தவை. அவை நீல ஒளியை விழுங்கிச் செவ்வொளியைத் திருப்பித் தருகின்றன. சாதாரண வெள்ளை எல்இடி 6000 கெல்வின் நிறவெப்பநிலையில் நீலம் தூக்கலாக எரியும். வானத்துக்காகக் கேமராவின் நிறச் சமநிலையை 4000 கெல்வினை ஒட்டி வைத்திருக்கும்போது அந்த ஒளி பாறையில் பட்டால் கல் செத்த நிறத்தில் தெரியும். மலிவான எல்இடிகளில் அடர்சிவப்பு அலைகள் மிகக் குறைவு என்பது இன்னொரு குறை. இல்லாத நிறத்தைப் பின்னால் கணினியில் கூட்டினால் செம்மை வராது, ஆரஞ்சுச் சாயம்தான் வரும். பழைய இழை பல்பு டார்ச்சைச் சிலர் இன்னும் விடாமல் வைத்திருப்பது இதனால்தான். எல்இடியின்மேல் ஆரஞ்சு ஜெல் தாள் ஒட்டுவதும் இதற்கே. நிறம் மாற்றும் வசதியுள்ள பேனலாக இருந்தால் 3200 முதல் 4000 கெல்வின் வரைக்குள் வைத்துப் பார்க்கலாம்.

இங்கே ஒரு கேள்வி எழும். இரவில் பாறை சிவப்பாகவா இருக்கிறது? நம் கண்ணுக்கு இல்லை. விண்மீன் வெளிச்சத்தில் பார்ப்பவை கண்ணின் கோல் செல்கள்; அவற்றுக்கு நிறம் தெரியாது, செவ்வொளி அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டேதான். பகலில் செக்கச் சிவந்திருந்த குன்று இரவில் மற்ற எல்லாவற்றையும்விடக் கறுத்துப்போவது அதனால். ஆனால் பாறையிலிருந்து சிவப்பு எங்கும் போய்விடவில்லை. கேமரா 25 நொடி சேர்த்துவைத்துப் பார்க்கிறது, நாம் பார்க்க முடியாததைப் பார்க்கிறது. பால்வீதியின் நிறங்களும் அப்படித்தான் கிடைக்கின்றன. ஆகவே, ‘கண்ணால் கண்டதுதானா?’ என்று இந்தப் படங்களைக் கேட்பது பொருந்தாது என்பது என் எண்ணம். கேட்க வேண்டியது வேறு. அந்த ஒளி அந்த இரவில் இருந்திருக்கக்கூடியதா? அதன் அளவு வானத்தோடு ஒத்துப்போகிறதா? ஒரு திசையிலிருந்து வருகிறதா? வானத்தைவிடப் பாறை பிரகாசமாக இருந்தால் படம் பொய்யாகிவிடுகிறது. எந்தக் கோட்பாடும் படிக்காதவர்கூட அதைப் பார்த்தவுடன் கண்டுகொள்வார்.

ஒளி அந்த இடத்துக்கும் அங்கே இருப்பவர்களுக்கும் உயிர்களுக்கும் என்ன செய்கிறது என்பது இன்னும் பெரிய கேள்வி. 2000 செப்டம்பரில் யூட்டாவிலேயே உள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் டெலிகேட் ஆர்ச் வளைவின் அடியில், இரவுப் படம் எடுப்பதை மாணவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு தொழில்முறைப் படக்கலைஞர் நெருப்பு மூட்டினார். கல்லில் கறை படிந்தது. வழக்கு நடந்து, அவர் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஈடு கட்ட நேர்ந்தது. நெருப்பு வைப்பவர்களைக் காண்பது அரிது. ஆனால் பிரகாசமான டார்ச்களோடு வருபவர்கள் பெருகினார்கள். இருளுக்குக் கண் முழுதாகப் பழக அரைமணி நேரம் ஆகும். ஒரே ஒரு டார்ச் வீச்சு அதைக் கலைத்துவிடும். விண்மீன் பார்க்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வந்த குடும்பத்துக்கு அது இரவையே பறிப்பது. இருட்டை நம்பி வாழும் விலங்குகளுக்கு இன்னும் கேடு. ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் பூங்காக்கள் இப்போது செயற்கை ஒளியில் படமெடுப்பதை விலக்கியிருக்கின்றன. ட்ரோன்களை 2014இலேயே அமெரிக்காவின் தேசியப் பூங்காக்கள் அனைத்தும் விலக்கிவிட்டன. மங்கல் விளக்குக்காரர்களில் சிலர், ‘நாங்கள் யாரையும் தொந்தரவு செய்வதில்லையே’ என்று வருந்துகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் இருட்டில் நிற்கும் காவலருக்கு மங்கலான பேனலையும் கூசும் டார்ச்சையும் பிரித்து அனுமதிப்பது நடக்கிற காரியமல்ல. தடை சரி என்றே எனக்குப் படுகிறது. அத்தகைய இடங்களில் அந்தி மங்கும்போதே பாறையை எடுத்து வைத்துக்கொள்ளலாம், அல்லது பிறைநிலவு பக்கவாட்டில் சாயும் நேரத்துக்குக் காத்திருக்கலாம்.

நம் நாட்டில் இதைச் செய்ய விரும்புபவர்களுக்கு ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். யூட்டாவில் பால்வீதியின் மையம் தெற்கு அடிவானத்துக்கு மேல் 23 பாகை அளவுதான் ஏறும். அதனால்தான் பாறை வளைவுக்குள் அது அவ்வளவு எளிதாக அடங்குகிறது. தமிழ்நாட்டில் அதே மையம் ஏறக்குறைய 50 பாகை வரை ஏறுகிறது. பார்க்க நமக்கு அது பெரிய பேறு. சட்டகத்துக்குள் நிலத்தோடு சேர்க்கத்தான் கொஞ்சம் சிரமம். மையம் தாழ்வாக இருக்கும் நேரத்தைப் பிடிக்க வேண்டும்: பிப்ரவரியில், விடிவதற்கு முன், தென்கிழக்கில். லடாக்கின் ஹான்லே இந்தியாவின் முதல் இருள்வானக் காப்பகம். அங்கே வானாய்வகமும் இருக்கிறது, ஊர்மக்களே வெளிச்சத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு வாழ்கிறார்கள். அங்கே விளக்கு வைக்க எண்ணினால் அனுமதி கேட்காமல் வைக்கக் கூடாது.

நடக்கும்போது சிவப்பு விளக்கு பிடிப்பது கண்ணுக்கு நல்லது. ஆனால் அது பக்கத்துக் கேமராவில் பாறை முழுவதையும் சிவப்பாக்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம். எந்த இடமானாலும் முதல் படத்தை விளக்கில்லாமல் எடுத்துப் பாருங்கள். அந்த இரவு எவ்வளவு தருகிறது என்று தெரிந்த பிறகே பையைத் திறங்கள். விளக்கை ஏற்றும் முன், இருட்டில் உங்களோடு நிற்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் ஏற்றாதீர்கள்.